நான்கு விரற்கடை

அளவு நிலையம், இடது கரை
ஜூன் 4

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் இருக்கிறேன். நீயும் இருப்பாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் செய்தி. மே 29 மதியம் பாதை போய்விட்டது. பழைய வளைவுக்கு அப்பால் மலையின் தோளே இறங்கி ஆற்றில் உட்கார்ந்துவிட்டது. மேல்பக்கமாகப் போகலாம் என்றிருந்தேன். மூன்றாம் நாள் அதுவும் சரிந்தது. ஆக, முன்னால் மண், பின்னால் மண், இடப்பக்கம் மலை, வலப்பக்கம் ஆறு. நடுவில் நான், ஓர் அறை, ஒரு இரும்பு ஜன்னல். வெயில் பதினொன்றுக்கு வருகிறது, இரண்டுக்குப் போய்விடுகிறது. துவைத்த துணி நான்கு நாளாகக் கொடியில் தொங்குகிறது, நேற்று மறுபடி நனைந்தது.

இதை உன் மகளிடம் சொல்லி அழவைக்காதே. சாமான் வருகிறது. ஆற்றின் வேகம் அளக்க ஆபீசில் கட்டிக்கொடுத்த கம்பியும் அதில் தொங்கும் இரும்புத் தொட்டிலும் இன்னும் இருக்கின்றன. அக்கரையில் தொட்டிலைப் பார்த்துக்கொள்ளும் கம்பிக்காரர் சாமானை வைத்து அனுப்புகிறார், இக்கரையில் நான் இழுத்துக்கொள்கிறேன். கடிதமும் அப்படித்தான் போகும். இங்கே போன் எடுக்காது என்பது உனக்குத் தெரியும்.

நேற்று அவர் அக்கரையிலிருந்து கத்தினார்: “பெரியவரே, நீங்களும் ஏறி உட்காருங்க. ஒரே இழுப்பு. இந்தப் பக்கம் ரோடு இருக்கு, பஸ் வருது!”

“அந்தப் பெட்டி இருக்கிற கரையில நான் கால் வைக்கமாட்டேன்.”

“பெட்டி என்ன கடிக்குதா?”

“என் வேலையைக் கடிச்சுது!”

ஆறு வருடத்துக்கு முன் தானாக அளக்கும் அந்தத் தகரப் பெட்டியை அக்கரையில் நட்டுவிட்டு, “இனி நீங்க ஓய்வெடுக்கலாம்” என்று ஆபீசில் சொன்னார்கள். எடுக்கவில்லை. காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு. இன்றும் இறங்கிப் போய் அளவுப்பலகையில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து ஏட்டில் எழுதுகிறேன். சம்பளம் வாங்கிய முப்பத்தாறு வருடத்திலும் அது நின்ற பிறகும் ஒரு நிமிடம் மாறியதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது உச்ச வெள்ளம் ஜூலை இரண்டாம் வாரம் வந்தது. இப்போது ஜூன் முடிவதற்குள் வந்துவிடுகிறது. மேலே பனி சீக்கிரம் கரைகிறது, மழையும் பக்குவமாகப் பெய்யாமல் கொட்டிவிட்டுப் போகிறது. அதனால்தான் இத்தனை சரிவு. இதைச் சொல்ல அந்தப் பெட்டிக்கு வாய் உண்டா?

நீ போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. காரணம் என்ன என்று நான் கேட்கப்போவதில்லை. தானாகத் திரும்பி வருவாய் என்றிருந்தேன். இப்போது நீ வர நினைத்தாலும் பாதை இல்லை. அதற்கும் என்னைத்தான் குறை சொல்வாய்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


ஜூன் 19

மட்டக்காரருக்கு,

தண்ணீர் மட்டம் பார்ப்பவர் என்று ஊர் வைத்த பெயராலேயே அழைக்கிறேன். வேறு பெயர் எழுதக் கை வரவில்லை.

கடிதம் கிடைத்தது. பெரியவள் வாசித்துவிட்டு அழத்தான் செய்தாள். “அப்பாவைப் போய் இழுத்துட்டு வரட்டுமா?” என்றாள். “மலையை இழு, அது வரும்” என்றேன்.

நீங்கள் மட்டும்தான் அடைபட்டிருக்கிறீர்கள் என்று எண்ண வேண்டாம். ஐந்தாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். மகளும் மருமகனும் எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகு வருவார்கள். படி இறங்க முழங்கால் விடாது. லிஃப்ட் ஓடும் நாளில் துணைக்கு ஆளில்லை, ஆளிருக்கும் நாளில் லிஃப்ட் ஓடாது. எனக்கு வெயில் என்பது அந்தச் சுவரில் பத்து நிமிடம் விழும் ஒரு பட்டை.

காரணம் கேட்கப்போவதில்லை என்கிறீர்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஒரு தடவை முழுசாக.

இருபத்துமூன்று வருடத்துக்கு முன் விஷக்காய்ச்சலில் படுத்தீர்கள். ஐந்து மாதம். நூற்று ஐம்பத்துமூன்று நாள், நாளுக்கு மூன்று தடவை, நானூற்று ஐம்பத்தொன்பது அளவு நான் எடுத்தேன். ஒரு மதியம் நிலம் ஆடியது, அலமாரிப் பாத்திரமெல்லாம் கீழே விழுந்தது. மறுநாள் பலகையில் தண்ணீர் நான்கு விரற்கடை கீழே நின்றது. அந்த வாரமே அக்கரைக்கு விறகு பொறுக்கப் போனவர்களோடு தொட்டிலில் போனேன். அங்கிருந்து நம் கரையைப் பார்த்தேன். வந்து உங்கள் கட்டிலருகே நின்று சொன்னேன்: “தண்ணி குறையலை. நம்ம கரைதான் ஏறியிருக்கு.” சிரித்தீர்கள். “கல்லு என்ன, தோசையா உப்பி எழறதுக்கு?” என்றீர்கள். காய்ச்சலில் அவ்வளவு சிரித்தது அன்றுதான்.

பிறகு ஆபீசிலிருந்து வந்து கணக்குப் பார்த்தார்கள். ஓடும் நீருக்கும் பலகை காட்டும் மட்டத்துக்கும் எட்டு சென்டிமீட்டர் இடிக்கிறது என்றார்கள். யாரோ பலகையைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்றார்கள். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டு வருடம் கழித்து, பெரியவளின் பிறப்புச் சான்றிதழைத் தேடி உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தால், உங்கள் கையெழுத்தில், நீங்கள் ஆபீசுக்கு எழுதிய கடிதத்தின் நகல். “விஷயம் தெரியாதவரான என் மனைவி, துலக்குவதற்காகப் பலகையைக் கழற்றி இடம் மாற்றி மாட்டியிருக்கலாம்.”

பெரியவள் பிறந்த அன்று எனக்கு வலி கண்டது நாலு மணிக்கு. அளவு எடுத்துவிட்டு வந்தீர்கள். அதைப் பொறுத்தேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

அந்தத் தாளைத் திரும்பப் பெறுவதாக ஆபீசுக்கு எழுதுங்கள். எழுதிய மறுநாள் கிளம்பி வருகிறேன். முழங்கால் என் பாடு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத் துணியைப் போடாதீர்கள், சளி பிடிக்கும்.

பெரியவளின் அம்மா


அளவு நிலையம்
ஜூலை 6

பெரியவளின் அம்மாவுக்கு,

நீ என் பெட்டியைத் திறந்தது சரியா என்று நான் கேட்கவில்லை. அதையும் விட்டுவிடுகிறேன்.

அந்தத் தாளை எழுதாமலிருந்தால் வேலை போயிருக்கும், இந்த அறையும் போயிருக்கும். நீ கழற்றினாய் என்று நான் அடித்துச் சொல்லவுமில்லை. உன்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? ஜெயிலில் போட்டார்களா? ஏட்டில் ஒரு மூலையில் கிடக்கிற வரி அது.

கரை ஏறியது என்கிறாய். நான் ஒன்றும் அறியாதவனாகச் சிரிக்கவில்லை. அலமாரியில் கிடந்த அட்டையில்லாத புத்தகம் உனக்கு நினைவிருக்கும். நீ அதன்மேல் விளக்கை வைப்பாய். அதை நான் பதினேழு முறை படித்திருக்கிறேன். எந்த வாத்தியாரும் இல்லாமல் படித்தது. நிலத்தின் பெரும் பாளங்கள் ஒன்றையொன்று முட்டுவதால் மலை எழுகிறது. எவ்வளவு வேகத்தில்? நகம் வளர்வதைவிட மெதுவாக. அப்படியிருக்க, ஒரு மதியத்தில் நான்கு விரற்கடை எப்படி ஏறும்? நூறு பக்கத்துக்கு மேல் வாசித்தவன் கேட்கிறேன், சொல். நூற்றுப்பதின்மூன்றாம் பக்கத்திலிருந்து நூற்று நாற்பது வரை அதில் இல்லை, கரையான் தின்றுவிட்டது. ஆனால் மிச்சம் இருப்பதில் தெளிவாக இருக்கிறது.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. இந்த ஆறு இந்த மலைக்கு மூத்தது. முதலில் ஆறு ஓடியது. பிறகுதான் அதன் குறுக்கே மலை எழத் தொடங்கியது. வேறு ஆறாக இருந்தால் சுற்றிக்கொண்டு போயிருக்கும். இது போகவில்லை. மலை எழ எழ அறுத்தது. தன் இடத்தை விடவில்லை. நம் அறைக்குப் பின்னால் குழி தோண்டியபோது உருண்டைக் கற்கள் வந்தனவே, நினைவிருக்கிறதா? ஒரு காலத்தில் ஆறு அந்த உயரத்தில் ஓடியது. குளிர் மிகுந்த காலங்களில் சரிவுகளிலிருந்து கல் ஏராளமாக வந்து விழும். சுமக்க முடியாமல் ஆறு அதைப் பள்ளத்தில் பரப்பிவிடும். காலம் மாறிக் கல் குறைந்து தண்ணீர் கூடினால், பரப்பியதையே அறுத்துக்கொண்டு கீழே இறங்கும். விட்டுப்போனதுதான் நம் அறை நிற்கும் இந்த மேட்டுப் படி. மழை அறுத்து மலையின் பாரத்தைக் கடலுக்கு எடுத்துப் போகப் போக, சாமான் இறக்கிய படகு போல மலை இன்னும் மேலே வருகிறதாம். மலை எழுந்ததால் அறுப்பு கூடியதா, அறுத்ததால் மலை எழுந்ததா என்று படித்தவர்களே அடித்துக்கொள்கிறார்கள்.

இந்த ஆற்றைப் போலவே உள்ளே அடைந்துகிடப்பது எனக்கும் புதிதில்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

போன வாரம் பெய்த மழையில் ஒரு விசேஷம். சரிபார்க்கும் பித்தளை ஆணி வெளியே வந்திருக்கிறது. பலகை சரியான உயரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பக்கத்துப் பாறையில் அறைந்த ஆணி. நிலம் ஆடிய அன்று விழுந்த மண்ணில் புதைந்து, அதன் பிறகு யாரும் பார்க்காதது. மழை கழுவி விட்டிருக்கிறது, பளபளவென்று.

இடது கடைவாய்ப் பல் வலிக்கிறது. மற்றபடி சௌகரியம்.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 21

மட்டக்காரருக்கு,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மலை, ஆறு, படகு எல்லாம் வந்தன. ஆணி வந்தது என்கிறீர்கள். ஆணியிலிருந்து பலகைக்கு அளந்தீர்களா? அளக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். ஆணியைப் பார்த்த கையோடு டேப்பை எடுத்திருப்பீர்கள், உங்களைத் தெரியாதா எனக்கு? என்ன வந்தது? அதை மட்டும் எழுதவில்லை. எழுத வந்து நிறுத்தியதுபோல ஒரு வரி இடம் வேறு விட்டிருக்கிறீர்கள்.

மலை முதலா அறுப்பு முதலா என்ற வழக்கு எனக்குப் பழக்கமானதுதான். நம் வீட்டில் முப்பது வருடம் நடந்தது அதுதானே. யார் முதலில் ஆரம்பித்தது என்று தீர்ப்பு வந்ததே இல்லை.

ஆறு இடத்தை விடவில்லை என்று பெருமையாக எழுதுகிறீர்கள். விடாததால் அதற்கு என்ன கிடைத்தது? இரண்டு பக்கமும் சுவர். நாளுக்கு மூன்று மணி நேரம் வெயில். எனக்கு அது பெருமையாகப் படவில்லை, பாவமாக இருக்கிறது.

இங்கே லிஃப்ட் ஒன்பது நாளாக நிற்கிறது. நேற்று நானே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடிவரை இறங்கினேன். அங்கே உட்கார்ந்துவிட்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மகள் வரும்வரை படியில் இருந்தேன். போகிற வருகிறவர்களெல்லாம் “யாரைப் பார்க்கணும்மா?” என்றார்கள்.

பல்லைக் காட்டுங்கள். பல் விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம், முகம் வீங்கிவிடும்.

பெரியவளின் அம்மா


அளவு நிலையம்
ஆகஸ்ட் 12

பெரியவளின் அம்மாவுக்கு,

முகம் வீங்கிவிட்டது. ஆகவே நீ ஜெயித்தாய் என்று வைத்துக்கொள்.

பன்னிரண்டு நாள் பொறுத்தேன். பதின்மூன்றாம் நாள் கண்ணே திறக்கவில்லை. கம்பிக்காரர் அக்கரையிலிருந்து பார்த்துவிட்டு, “பெரியவரே, முகமா அது, பூசணிக்காயா? இப்ப ஏறலைன்னா நானே வந்து மூட்டையா கட்டி இழுப்பேன்” என்றார். எட்டு மணி அளவை எழுதிவிட்டு ஏறினேன். அளவெடுக்க அந்தத் தொட்டிலில் ஆயிரம் முறை நடு ஆறுவரை போயிருக்கிறேன். அக்கரையில் இறங்கியது இதுதான் முதல் தடவை. ரோடு வரும்வரை அங்கே வெறும் காடு, எனக்கு என்ன வேலை இருந்தது? நடு ஆற்றில் தொங்கும்போதும் காலுக்குக் கீழே தண்ணீரைத்தான் பார்த்தேன். கரையைப் பார்க்க யார் சம்பளம் கொடுத்தார்கள்?

பஸ்ஸில் ஒரு மணி நேரம். பல் டாக்டர் சின்னப் பெண். “எத்தனை நாளா வலி? ஏன் முன்னாடியே வரலை?” என்றாள்.

“பாதை இல்லம்மா.”

கூட வந்த கம்பிக்காரர் சும்மா இருக்கலாம் அல்லவா? “பாதை இருந்துச்சு டாக்டர். ஐயாவுக்கும் ஒரு பெட்டிக்கும் பேச்சுவார்த்தை இல்லை.”

பிடுங்கி எடுத்துப் பஞ்சை வைத்து, இரண்டு மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று அனுப்பினாள். திரும்பி வந்து தொட்டிலுக்காகக் கரையில் உட்கார்ந்தேன். கம்பிக்காரர் கப்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே நம் கரை. நாற்பத்திரண்டு வருடம் நின்ற கரையை அன்றுதான் எதிரிலிருந்து பார்க்கிறேன்.

பாறையில் கல்பாசி படர்ந்திருக்கும், உனக்குத் தெரியும். வருடா வருடம் வெள்ளம் தொடுகிற உயரத்துக்குக் கீழே அது வளராது. ஆகவே அதன் கீழ்விளிம்பு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஓடும். நான் உட்கார்ந்திருந்த கரையில் அந்தக் கோடு ஒரு உயரத்தில் இருந்தது. நம் கரையில் அதைவிட மேலே. நடுவில் ஒரு வெளிறிய பட்டை. அதில் சட்டைப் பொத்தான் அளவில் இளம் கல்பாசிகள் மட்டும் அங்கங்கே. தண்ணீரைவிட நல்ல ரசமட்டம் உலகத்தில் இல்லை. தண்ணீரிலிருந்து இந்தக் கரைக் கோட்டை அளந்தேன்: அறுபத்திரண்டு சென்டிமீட்டர். தொட்டிலில் வந்து நம் கரையில் அளந்தேன்: எழுபது.

எட்டு. நான்கு விரற்கடை.

வாயில் பஞ்சு. யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொல்ல யாரும் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஆற்றுக்கு அடியில் நிலத்தில் ஒரு வெட்டு ஓடுகிறது. அங்கே பாறை நொறுங்கிக் கிடப்பதால்தான் ஆறு அந்தத் தடத்தைப் பிடித்திருக்கிறது. அன்று மதியம் வெட்டின் இந்தப் பக்கம் எழுந்தது, அந்தப் பக்கம் எழவில்லை. மலை நகம்போலத்தான் வளர்கிறது போலும். ஆனால் நூறு வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நொடியில் விடுகிறது. கரையான் தின்ற பக்கங்களில் அது எழுதியிருந்திருக்கும். அது என் குற்றமா?

ஆணியைப் பற்றிக் கேட்டாய். அளந்தேன். ஜூலை மூன்றாம் தேதியே அளந்தேன். பலகையை மாட்டிய அன்று ஏட்டில் எழுதியிருந்த உயரம் எதுவோ, அதுவே வந்தது. ஒரு நூல் பிசகில்லை. பலகையை யாரும் தொடவில்லை. நான் ஆறு வாரமாக அதைத் தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஆபீசுக்கு நேற்று எழுதினேன். நகல் இதனுடன் இருக்கிறது. அதிலுள்ள நான்கு வரியை இங்கேயும் எழுதுகிறேன்: “என் மனைவி பலகையைத் தொடவில்லை. அவர் எடுத்த அளவுகள் நானூற்று ஐம்பத்தொன்பதும் சரி. கரை எழுந்த செய்தியை அன்றே என்னிடம் சொன்னவர் அவர். நான் கேட்கவில்லை.”

இதற்குமேல் வேறு சொல்லை என்னிடம் எதிர்பார்க்காதே. நீயும் அன்று இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

நீ சொன்னபடி நான் எழுதிவிட்டேன். தொட்டிலில் பயமில்லை, கம்பி நல்ல கம்பி. அறையில் உன் கட்டில் அப்படியே இருக்கிறது. எப்போது வருகிறாய் என்று எழுது.

உன் வீட்டுக்காரன்


ஆகஸ்ட் 30

அத்தானுக்கு,

நகல் வந்தது. மகள் வாசிக்க வந்தாள், வேண்டாமென்று நானே வாசித்தேன். கண்ணாடி இல்லாமலே வாசிக்க முடிந்தது. “நான் கேட்கவில்லை” என்ற வரியில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. பல் வலியா, மனமா என்று நான் கேட்கவில்லை.

மருமகன் வந்ததும் நகலைக் காட்டினேன். “இருபத்துமூணு வருஷத்துக்கு முன்னாடி நிலநடுக்கத்தைக் கண்டுபிடிச்சீங்களா அத்தை?” என்றார். “கண்டுபிடிக்கலை, பார்த்தேன்” என்றேன்.

எழுதிய மறுநாள் கிளம்புகிறேன் என்று சொன்னவள் நான். பையைக்கூட எடுத்து வைத்தேன். மூன்று நாள் அது கதவருகே இருந்தது. நேற்று திரும்பப் பிரித்து மடித்து வைத்துவிட்டேன். கோபத்தில் இல்லை. கோபம் நகலோடு போய்விட்டது, நிஜமாகவே.

பன்னிரண்டு வருடம் அந்த அறையில் உங்களுக்குச் சமைத்தேன். கட்டிலுக்குக் கீழே பெட்டி, பெட்டிக்குள் அந்தத் தாள். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் நீங்கள் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். ஏட்டில் எழுதியதைத் திருத்தலாம் அத்தான். எழுந்த பாறை திரும்ப இறங்காது. அதை எனக்கு எடுத்துச் சொல்ல உங்கள் புத்தகம் வேண்டாம்.

அந்தக் கரையில் எனக்கு இனி வீடு இல்லை. வா என்று இன்னொரு தடவை எழுதாதீர்கள். எழுதினால் வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வந்தால் மறுபடி அந்தச் சுவர்களுக்குள்ளேயே இருந்துவிடுவேன்.

பல் பிடுங்கிய இடத்தில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள்.

உங்கள்
மாமன் மகள்


வலது கரை
அக்டோபர் 9

மாமன் மகளுக்கு,

வா என்று எழுதவில்லை. இது வேறு செய்தி.

ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கல்பாசிக் கோட்டைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். “இதை யார் முதலில் கவனித்தது?” என்றார்கள். உன்னைச் சொன்னேன். “பதவி?” என்றார்கள். அளவர் என்று எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

இடது கரை இன்னும் சரிந்துகொண்டிருக்கிறது. செப்டம்பர் முடிவில் டிரங்குப் பெட்டியையும் கட்டில் இரண்டையும் தொட்டிலில் ஏற்றி இந்தப் பக்கம் வந்துவிட்டேன். ஐந்து நடை ஆயிற்று. கம்பிக்காரர் ஒவ்வொரு நடைக்கும் ஒரு கிண்டல் செய்தார், எழுதத் தக்கவை அல்ல. ரோடு போட்டவர்கள் விட்டுப்போன ஓட்டு வீடு இது. இரண்டு அறை, மூன்று ஜன்னல். வாசலில் படி கிடையாது, முழங்காலுக்கு வேலையில்லை. தகரப் பெட்டி பக்கத்திலேயே நிற்கிறது. அதனோடு இன்னும் பேசவில்லை. அந்தப் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டேன். வெயில் இந்தப் பக்கம் ஒன்பதரைக்கே வந்துவிடுகிறது.

இந்தக் கரைப் பாறையில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறேன். அளவு எடுக்கிறேன். ஒரு மாற்றம் உண்டு. நகரத்து பஸ் வாசலுக்கு நேரே நாலு மணிக்கு நிற்கிறது. சில நாள் யாரும் இறங்குவதில்லை.

நாலு மணி அளவை நாலரைக்கு மாற்றிவிட்டேன்.

அத்தான்